ஒட்டுத்துணியும் உருவமும்

1

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் அதை 'ஒட்டுத்துணி' என்று சொல்லிவிடுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு பெண் எழுத்தாளரின் முதல் நாவலுக்கு மூன்று பக்கத்தில் ஒரு மதிப்புரை எழுதினேன். குடும்பக் கடிதங்கள், சமையல் குறிப்பு, ஒரு சாவு வீட்டுச் செலவுக் கணக்கு, பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது என்று பலதையும் சேர்த்து எழுதப்பட்டிருந்த நாவல் அது. கிடைத்த துணிகளையெல்லாம் சேர்த்துத் தைத்திருக்கிறார், உருவம் கூடவில்லை என்று முடித்திருந்தேன். மூன்று பக்கத்தில் நண்பர்கள் ஞாபகம் வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். எனக்கும் அப்போது அதில் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். நாவலைப் பற்றிய என் முடிவு மாறிவிட்டதாக அர்த்தமில்லை; இன்றும் அது ஒரு தோல்வியாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் நான் சொன்ன காரணம் தப்பு. தப்பான காரணத்தைச் சொல்லிச் சரியான முடிவுக்கு வந்து சேர்வதில் ஒரு விமர்சகன் பெருமைப்பட ஒன்றுமில்லை.

காரணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது கோல்ரிட்ஜைச் சொல்லித் தந்தார்கள். வெளியிலிருந்து அச்சுப் போட்டதுபோல் திணிக்கப்படும் உருவம் ஒன்று, செடியைப்போல் உள்ளிருந்து தானே வளர்ந்து வரும் உருவம் மற்றொன்று, பின்னதே உயர்ந்தது. 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் விமர்சனத்தில் உருவம் பற்றிய பேச்சு ஓய்ந்ததில்லை. அந்தப் பேச்சு நமக்கு நிறையச் செய்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதோடு கூடவே ஒரு நம்பிக்கையும் நமக்குள் புகுந்துவிட்டது: ஒரு படைப்பில் தையல் தெரியக்கூடாது.

என் உத்தியோகமும் இதற்குத் துணைபோயிருக்கலாம். பாங்க் கவுண்டரில் கிழிந்த நோட்டு வந்தால் விரித்து வைத்து, பிளவுபடாத பெரிய துண்டு எவ்வளவு என்று பார்ப்பதுதான் வழக்கம். வெவ்வேறு நோட்டுகளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி ஒரு நோட்டாக்கிக் கொண்டுவந்தால் அதற்கு மதிப்பில்லை. பகலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து நாவலையும் அதே கையால் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

2

அந்த மதிப்புரை வெளியான நாட்களில் எங்கள் வீட்டில் நிஜமான ஒட்டுத்துணி ஒன்று இருந்தது. நான் எழுதியதையும் அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பறக்கையில் இருக்கும் என் அத்தை, குடும்பத்தில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் ஒரு விரிப்புத் தைத்துக் கொடுப்பாள். மூன்று முழ நீளம், இரண்டரை முழ அகலம். அடியில் ஒரு துணி, நடுவில் பழைய துவர்த்து, மேலே வண்ண வண்ணமான துண்டுகள். குளிருக்குப் போர்த்திக்கொள்வதற்கான கனத்த போர்வை அல்ல. இந்தத் தெற்கில் அப்படிக் குளிர் ஏது? மழை மாதத்தில் தரையின் சில்லிப்பு ஏறாமல் பிள்ளையைக் கிடத்த வேண்டும், மற்ற மாதங்களில் தூளியில் மடித்துப் போட வேண்டும். அதற்குத் தக்கபடி மெல்லிசாக இருக்கும்.

அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். துணியெல்லாம் பருத்தியாக இருக்க வேண்டும். டெரிகாட்டன் கூடாது, வேர்க்கும் என்பது ஒரு காரணம், துவைத்தால் பருத்தி சுருங்கும்போது அது சுருங்காமல் தையலை இழுத்துக்கொண்டு நிற்கும் என்பது இன்னொரு காரணம். சட்டை என்றால் முழங்கைப் பக்கம் நைந்திருக்கும், கீழ்மடிப்புக்குப் பக்கத்தில் வெட்டி எடுக்க வேண்டும். சாயம் போகும் சிவப்பை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பிழிந்து சோதித்துவிட்டுத்தான் சேர்ப்பாள். துண்டுகளை மிஷினில் இணைத்துக்கொண்ட பிறகு, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல். நடுவிலிருந்து ஆரம்பித்து விளிம்பை நோக்கிப் போவாள். விளிம்பிலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி பொம்மிக்கொள்ளும் என்பாள்.

இதற்கு எங்கள் வீட்டில் தனியாக ஒரு பெயர் கிடையாது. 'விரிப்பு' என்போம், அவ்வளவுதான். பெயர் இல்லாத பொருளுக்கு விமர்சனமும் இல்லை. இதே ஊரில் நூலைக் கொண்டு செய்யப்பட்ட இன்னொரு காரியத்துக்குப் பெயர் இருந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அது கடல் கடந்து விலைபோயிற்று. லேஸ் பின்னிய காசில் அடிமைப் பெண்கள் தம் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. விலை இருந்ததால் பெயர் இருந்தது, பெயர் இருந்ததால் பதிவும் இருக்கிறது. அத்தையின் விரிப்புக்கு மூன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய துணி மிச்சப்படுவதே ஒரு வசதிதான். தோள்சீலை போடுகிற உரிமைக்காக இந்தச் சீமையில் நாடார் பெண்கள் அடிபட்டார்கள். திருவிதாங்கூர் அரசு அதற்கு இணங்கி அறிக்கை வெளியிட்டது 1859-இல். எங்கள் வீட்டுப் பெண்கள் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், முதலில் அவர்களிடம் முழுத்துணி இருந்தது. இதை மறந்துவிட்டு 'நம் பாட்டிமார்களின் கலை' என்று உருகுவதில் எனக்குச் சம்மதமில்லை.

3

அக்காவின் முதல் பெண்ணுக்கு எட்டு வருஷங்களுக்கு முன் அத்தை ஒரு விரிப்புத் தைத்தாள். அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பா இறந்துபோயிருந்தார். இரண்டு வருஷங்களுக்கு முன் அக்கா வடசேரியில் வீடு மாறியபோது மூட்டைகளுக்கு நடுவில் அதைப் பார்த்தேன். பிரித்து வெளிச்சத்தில் பிடித்ததும் ஒரு நிமிஷம் அசந்துபோனேன். மங்கிய நீலம், அதை ஒட்டிக் காவி நிறத்தில் ஒரு நீண்ட பட்டை, மூலையில் எதிர்பாராத சிவப்பு. எங்கேயும் ஒரு சமச்சீர் இல்லை, ஆனால் எதையும் இடம் மாற்ற முடியாது. "நான் கொஞ்ச நாள் வச்சிருக்கட்டா?" என்று கேட்டு எடுத்து வந்தேன். என் அறைச் சுவரில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி மாட்டினேன். வந்த நண்பர்கள் பார்த்துவிட்டு பால் க்ளேயைச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இப்படிச் சொல்வதற்கு எங்களுக்கு முன்மாதிரி இருந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியினர் வாழும் இடம். பலருக்கும் தோட்ட முதலாளியின் பெயரான பெட்வே என்பதே இன்றும் குடும்பப் பெயர். அந்த ஊர்ப் பெண்கள் பழைய வேலைத் துணிகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் மியூசியத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் சுவரில் மாட்டப்பட்டன. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மத்தீஸையும் க்ளேயையும் நினைவுகூர்ந்து எழுதினார். 2006-இல் அமெரிக்க அரசு பத்துப் போர்வைகளைத் தபால் தலைகளாக வெளியிட்டது. 2007-இல் அந்தப் பெண்களில் சிலர் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக நீதிமன்றம் போனார்கள். அடுத்த வருஷம் சமரசமாயிற்று.

அந்தப் பாராட்டு பொய்யல்ல. வறுமையில் பழந்துணியைத் தைத்த கறுப்புப் பெண்களின் கண்ணையும் கையையும் ஒரு பெரிய மியூசியம் மரியாதையோடு பார்த்தது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே மாட்டப்பட்டவற்றில் மிஸ்ஸூரி பெட்வே 1942-இல் தைத்த போர்வை ஒன்று உண்டு. கணவன் செத்துப்போன பிறகு அவனுடைய வேலைத் துணிகளை வெட்டித் தைத்தது. அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளவும், அதன் அடியில் படுத்துக்கொள்ளவும் அவள் அதைச் செய்தாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நீலமும் பழுப்பும் வெளுத்த சாம்பலுமான அந்தப் பட்டைகளை மத்தீஸோடு ஒப்பிடும்போது ஒப்பீடு சரியாகவே இருக்கலாம். ஆனால் விடுபட்டுப் போவது செத்தவனின் முழங்கால். துணி அங்கேதான் வெளுத்திருக்கிறது. அந்த வெளுப்பை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. வயலில் மண்டியிட்ட ஒருவன் உண்டாக்கியது அது. அதை எங்கே வைப்பது என்பதை மட்டுமே அவள் தேர்ந்தெடுத்தாள்.

4

ஆலிஸ் வாக்கர் 1973-இல் எழுதிய 'எவ்ரிடே யூஸ்' கதையை நம் வட்டத்தில் பலர் படித்திருப்பீர்கள். நகரத்தில் படித்துவிட்டு வரும் மூத்த மகள், பாட்டி தைத்த போர்வைகளைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். தீக்காயம் பட்ட, பேசத் தயங்கும் இளைய மகளுக்கு அவை கல்யாணச் சீராக வாக்குக் கொடுக்கப்பட்டவை. இவளிடம் போனால் தினமும் போர்த்திப் பாழாக்கிவிடுவாள் என்கிறாள் மூத்தவள். அம்மா அவள் கையிலிருந்து பிடுங்கி இளையவள் மடியில் போடுகிறாள். கல்லூரியில் இந்தக் கதைக்குத் தேர்வில் நல்ல விடை எழுதியவன் நான். மூத்தவளின் போலித்தனத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பதினைந்து வருஷம் கழித்து மரச்சட்டம் செய்ய ஆசாரியிடம் அளவு கொடுத்தபோது அந்தக் கதை ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு கதையைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கும் அது நமக்கு எட்டுவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

போன தைப்பொங்கலுக்கு அக்கா வந்தாள். சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏன்டே, இதைக் கொண்டு ஆணியடிச்சு வச்சிருக்கே?"

நான் நிறங்களைப் பற்றிச் சொன்னேன். அந்தக் காவிப் பட்டை எப்படி மொத்தத்தையும் தாங்குகிறது என்று விரலால் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தாள். மங்கிய நீலம் அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை. காவிப் பட்டை ஆச்சி சபரிமலைக்குப் போக முடியாத வயசில் தன் தம்பிக்குத் தைத்துக் கொடுத்த வேட்டியில் மிச்சம். கோடு போட்டது நான் கல்லூரிக்குப் போட்ட சட்டை. என் சட்டையையே எனக்குத் தெரியவில்லை. மூலைச் சிவப்பு, அக்காவுக்கு வளைகாப்பன்று அத்தை உடுத்தியிருந்த சேலையிலிருந்து வெட்டியது. நல்ல சேலையை வெட்டினாளா என்று கேட்டேன். "பின்னே? இதுல அவளும் இருக்கண்டாமா?" என்றாள் அக்கா.

பிறகு சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. பலமுறை துவைத்துப் பூப்போல ஆகியிருந்த ஒற்றைத் துணி. நான் அதைப் பார்த்ததேயில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

"இது அப்பாக்க வேட்டி. கரையைப் பிரிச்சு எடுத்திட்டுத் தச்சிருக்கா அத்தை. கரை கிடந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல் பெரியவர்கள் உடுத்திய பழந்துணியில்தான் முதலில் பொதிவார்கள். ஆனால் செத்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை, கொடுத்துவிடுவார்கள். பேத்தி பிறக்கும்போது தாத்தா இல்லை. முதல் வழக்கத்தையும் விடாமல், இரண்டாவதற்கும் பதில் சொல்ல வேண்டி வராமல், அத்தை கரையைப் பிரித்துவிட்டு அந்த வேட்டியை அடியில் வைத்துத் தைத்திருக்கிறாள். அடி என்று நான் சொல்கிறேன். உண்மையில் பிள்ளையின் உடம்பு படுகிற பக்கம் அது. வண்ணத் துண்டுகள் தரையைப் பார்த்துக் கிடக்க, வெள்ளைப் பக்கத்தில்தான் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம், படுக்கிறவளுக்கு ஒரு பக்கம். சட்டம் போட்டு மாட்டியபோது எதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

5

இதை ஒரு குடும்பத்து உருக்கமான சம்பவமாக விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. இதில் உருவம் சம்பந்தப்பட்ட ஒரு பிரச்சினை இருக்கிறது என்று படுகிறது. கரையைப் பிரித்தது ஒரு உருவத் தீர்மானம். சிவப்பை மூலையில் வைத்தது ஒரு உருவத் தீர்மானம். இரண்டையும் நிர்ணயித்தது இது யாருக்கு என்ற கேள்வி. அந்தக் கேள்வியை நீக்கிவிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு முதலாவது தெரியவே தெரியாது, இரண்டாவது வெறும் அழகாகத் தெரியும்.

மற்ற இடங்களிலும் இது இப்படித்தான் இருக்கிறது. வடமொழிக் 'கந்தா'வும் நம் 'கந்தை'யும் ஒரே சொல். நாம் அந்தச் சொல்லை இகழ்ச்சிக்கு வைத்துக்கொண்டோம். வங்காளிகள் அதிலிருந்து ஒரு கலையை வளர்த்தார்கள். பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்களுடைய காந்தா. கொல்கத்தாவில் குருசதய் தத் (1882–1941) சேகரித்தவற்றில் மானதாசுந்தரி என்ற பெண் செய்த காந்தா புகழ்பெற்றது. தன் அப்பாவுக்காகச் செய்தது என்பதை அவள் துணியிலேயே எழுத்தாகத் தைத்து வைத்திருக்கிறாள். பெறுபவர் அங்கே படைப்புக்கு வெளியில் இல்லை, அதன் நெய்வுக்குள்ளேயே வந்துவிடுகிறார். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற நெடுங்கவிதையில் கணவனைப் பிரிந்த பெண் தன் கதையையே காந்தாவில் தைத்து, அதைத் தன் சமாதியின் மேல் விரிக்கச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறாள்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அத்தைக்கு நேர்மாறாக, அவர்கள் விளிம்பில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். முடிந்த பிறகு நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த ஒரு துணியை வைத்துத் தைப்பார்கள். அதற்கு 'பூலா', பூ, என்று பெயர். அதனால் எந்த உபயோகமும் கிடையாது. ஆனால் அது இல்லையென்றால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். உபயோகப் பொருளுக்குக் கலை உண்டா என்று விசாரிப்பவர்கள் இந்த நான்கு மூலைகளை யோசித்துப் பார்க்கலாம். உபயோகம் முழுசாக முடிந்த பிறகு, கொடுப்பதற்கு முன்னால், கை இன்னும் கொஞ்சம் செய்கிறது.

வெட்டித் தைத்த துணிக்கு விலை இல்லை என்பதும் பழைய செய்திதான். மகதத்து வயல்களை, வரப்புகள் பிரித்த அவற்றின் கட்டங்களைப் பார்த்த புத்தர், அதைப்போலச் சீவரம் தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக வினய நூல் சொல்கிறது. துண்டுகளாக வெட்டியதை யாரும் ஆசைப்பட்டு எடுத்துப்போக மாட்டார்கள் என்பதும் அங்கே ஒரு காரணம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் வயல்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்தக் கட்டங்களைக் கற்பனை செய்துகொள்வதில் கஷ்டமில்லை. அந்த வயல்கள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்பதுதான் வேறு கதை.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மருமக்கள் வழியில் போயிற்று. மனைவி மக்கள் காரணவர் செத்ததும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கவிமணி தன் 'மருமக்கள் வழி மான்மியம்' முழுவதையும் ஒரு பெண்ணின் வாயால் புலம்ப வைத்தது இதைத்தான். 1926-இல் சட்டம் வந்து மாறிற்று. அந்தப் பழைய முறையிலும் மனைவி மக்களுக்கென்று ஒதுக்கிய ஒரு சிறு பங்கு உண்டு. அதற்கு 'உகந்துடைமை' என்று பெயர். உகந்து கொடுத்த உடைமை. சட்டப் பத்திரத்தில் வரும் சொல்லாக இருந்தும் எனக்கு அது ஒரு கவிதைச் சொல்லாகப் படுகிறது. உரிமை எங்கே முடிகிறதோ அங்கே பிரியத்துக்கென்று ஒரு துண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதையும் ஆண்தான் கொடுத்தான். கொடுக்க நிலமில்லாத பெண்கள் எதை உகந்து கொடுத்தார்கள் என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. அத்தையின் விரிப்பை நான் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

6

இனி நாவலுக்கு வருகிறேன். பிரியத்தோடு செய்ததெல்லாம் கலை என்றா சொல்ல வருகிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. தராதரம் இங்கேயும் உண்டு. அத்தையே அதை வைத்திருக்கிறாள். என் சித்தப்பா மகனின் பிள்ளைக்கு அவள் தைத்த விரிப்பைப் பற்றி நான் புகழ்ந்தபோது தலையை ஆட்டினாள். "அது நல்லா வரல்ல மக்ளே. துணியைப் பாத்தேன், ஆளைப் பாக்கல்ல." அந்தப் பிள்ளையின் அம்மா வீட்டிலிருந்து ஒரு துண்டுகூட வாங்கிச் சேர்க்காமல், கைவசம் இருந்த நல்ல துணிகளையே பார்த்துப் பார்த்துத் தைத்துவிட்டாளாம். நிறப்பொருத்தம் அதில் இன்னும் கச்சிதமாக இருக்கிறது. அதையே குறையாகச் சொல்கிறாள். இதைவிடக் கடுமையான ஒரு அளவுகோலை நான் எந்த விமர்சனப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்த அளவுகோலோடு நான் நிராகரித்த நாவலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் இருநூறு பக்கங்களில் கடிதமும் கணக்கும் சமையலும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சாவு வீட்டுச் செலவுப் பட்டியலுக்கு அடுத்தாற்போல் மாம்பழப் புளிசேரி வைக்கும் விதம் வருகிறது. செத்தவளுக்குப் பிடித்தது அது என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. அதைச் சொல்லாமல் பக்கத்தில் வைத்ததுதான் அவருடைய கலை. அந்தப் பக்கங்கள் செத்துப்போன ஒருத்திக்காக எழுதப்பட்டவை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. கடைசி முப்பது பக்கங்கள்தான் நாவலைக் கெடுத்துவிட்டன. அங்கே ஆசிரியர் பயந்துபோய் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறார். ஒரு பாத்திரம் உட்கார்ந்து, இந்தத் துண்டுகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று விளக்குகிறது. மொத்த விரிப்பையும் ஒரே சாயத்தில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

யாருக்குப் பயந்தார்? என் போன்றவர்களுக்குத்தான். அந்த முப்பது பக்கங்கள் விமர்சகர்களைப் பார்த்து எழுதப்பட்டவை, செத்தவளைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அதைப் படித்துவிட்டு நான் இன்னும் ஒருமை வேண்டும் என்று எழுதினேன்.

இந்த ஊரிலிருந்துதான் 1981-இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது. தலைப்பிலேயே அது தன்னைக் குறிப்புகள் என்று சொல்லிக்கொண்டது. பின்பாதி முழுக்க நாட்குறிப்புத் துண்டுகள். இது நாவலா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நாம் அதற்காக வாதாடினோம். சுந்தர ராமசாமியின் துண்டுகளை நவீனத்துவம் என்று ஏற்றுக்கொண்ட நாம், சமையலறையிலிருந்து வந்த துண்டுகளைக் கந்தை என்றோம். அவருடைய துண்டுகளில் சிந்தனை இருந்தது, இதில் இல்லை என்று பதில் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புளிசேரியைச் செலவுக் கணக்குக்குப் பக்கத்தில் வைப்பது சிந்தனையில்லாமல் நடக்கிற காரியமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எழுத்தாளர் அதற்குப் பிறகு எதுவும் பிரசுரிக்கவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வது விமர்சகனின் கர்வமாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டால், அடுத்ததில் கடைசி முப்பது பக்கங்களை எழுதாமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விரிப்பை அக்காவே எடுத்துக்கொண்டு போனாள். ஆணி அடித்த இடத்தில் நான்கு ஓரத்திலும் துணி கிழிந்திருந்தது. அதைத் தைத்துத் தர அத்தையிடம் கொண்டுபோனபோது நான் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஏதோ சொன்னேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழிசலைப் பார்த்தாள்.

"சுவத்துல கிடந்தா வெயிலடிச்சு நிறம் போவும். பெட்டியில வச்சா பூச்சி அரிக்கும். விரிச்சா கிழியும். எப்படியும் போகத்தான் செய்யும். பிள்ளை கிடந்து கிழியட்டும், அதுக்குத்தானே தச்சேன்."

கிழிந்த இடத்தில் வைக்க ஒரு துண்டு வேண்டும் என்றாள். நான் போட்டிருந்த சட்டையின் கீழ்மடிப்பைப் பிடித்துப் பார்த்தாள். பருத்திதானா என்று கேட்டாள்.